அனுப்புகிறவள்

"லாரி ஓட்டக் கத்துத் தரட்டுமா?" என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் கேட்டான். புது மனைவியை ஊர் சுற்றிக் காட்ட அவனிடம் இருந்த ஒரே வண்டி முதலாளியின் லாரிதான்.

"ஓட்ட வேணாம். எனக்கு அனுப்பணும்."

"எத?"

"எல்லாத்தையும். எது முதல்ல கிளம்பணும், எது எந்த ரோட்டுல போகணும், யாரு ஓட்டணும், யாரு தூங்கணும்... அதப் பாத்துக்க ஒரு ஆள் இருப்பாங்கள்ல?"

"டிரான்ஸ்போர்ட் மேனேஜரா? அடேங்கப்பா! அப்போ என்னையும் நீதான் அனுப்புவ."

"அனுப்புறது மட்டுமா, பத்திரமா திரும்பி வரவும் வைப்பேன்."

அன்று அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

இன்று காலை குளிர்பெட்டி லாரியின் கேபினில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பேச்சு ஏனோ நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மருந்து. லாரியோ யார்டின் கடைக்கோடியில், மதிலை ஒட்டி நின்றது. அவனுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு லாரிப் பட்டாளமே அடைத்துக்கொண்டிருந்தது.

அந்த யார்டு பாட்டில் மாதிரி: உள்ளே நீளம், வாசல் குறுகல். முதலில் கிளம்புகிற வண்டி கடைசியாக உள்ளே வர வேண்டும். அதற்காக, அங்கேயே ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் தினமும் சாயங்காலம் மறுநாள் கிளம்பும் வரிசையைப் பார்த்துத்தான் வண்டிகளை நிறுத்தச் சொல்வாள். நேற்று சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் லீவு. முதலாளியின் மருமகன்தான் நின்று வண்டிகளை நிறுத்தினார். பெரியவை எல்லாம் முன்னால், சின்னவை எல்லாம் பின்னால். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க நிறுத்துகிற மாதிரி, பார்க்க ரொம்ப அழகாகத்தான் இருந்தது. வாசலில் நின்ற பெரிய டிரெய்லர்களுக்கோ மத்தியானம்தான் சரக்கு. அதுவரை அவற்றை வெளியே மெயின் ரோட்டில் நிறுத்தவும் வழியில்லை.

"மாப்பிள்ளை முன்னாடி யானையக் கட்டிட்டாரு, நம்ம எலியெல்லாம் எப்படிப் போறது?" என்று பக்கத்து லாரியிலிருந்து 'ஹாரன்' கத்தினான். கை சும்மா இருக்காது என்பதால் வந்த பெயர். கத்திவிட்டு அழுத்தவும் செய்தான். மற்றவர்களும் அழுத்தினார்கள்.

அவள் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் பரீட்சை எழுதியது சின்னவள் பிறந்த வருடம். அவன் வெங்காயம் உரித்துக்கொண்டே கேள்வி கேட்பான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பதில் சொல்வாள். முதல் தடவை கோட்டை விட்டாள். மறு தடவை தேறினாள். அப்படித் தேறிய ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் கம்பெனி லாரி ஓட்ட முடியும் என்பது சட்டம். முதலாளி அவள் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மேனேஜர் நாற்காலிக்கு நேர் பின்னால் சுவரில் மாட்டினார். நாற்காலியில் மருமகனை உட்கார வைத்தார். அவளுக்கு டெலிபோன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. டிரைவர்களுக்கு அவள் 'போன் அக்கா' ஆனாள்.

"ஒரு வார்த்த கேட்டுத்தான் பாரேன்," என்று அவன் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

"கேக்கலாம். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டா? நம்ம பொழப்பு மொத்தமும் அந்த ஒரே கேட்டுக்குள்ளதான இருக்கு?" என்பாள். அதோடு விளக்கை அணைத்துவிடுவாள்.

ஆபீஸ் கதவு திறந்தது. மருமகன் வெளியே வந்து, வண்டிகளைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் அவள்.

"அக்கா, என்னக்கா பண்றது? ஆஸ்பத்திரிலேர்ந்து போன் மேல போன்."

"நீங்க கேட்டுக்கிட்ட நில்லுங்க தம்பி. யாரையும் உள்ள விடாதீங்க."

அவள் யார்டின் நடுவில் வந்து நின்றாள். ஒரு கையை உயர்த்தினாள். ஹாரன்கூட கையை எடுத்துவிட்டான்.

பிறகு நடந்ததை அவன் பக்கக் கண்ணாடியிலும் முன் கண்ணாடியிலுமாக மாறி மாறிப் பார்த்தான். அவள் ஒர்க்‌ஷாப் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி, ஒரு சின்ன லாரியைப் பின்புறமாக அதற்குள் விட்டாள். கிடைத்த இடத்தில் முதல் டிரெய்லர் மூக்கைத் திருப்பியது. அது விட்ட இடத்தில் இன்னொன்று. எடைமேடை மேல் ஒன்று ஏறி நின்றது. அவள் சத்தமே போடவில்லை. உள்ளங்கை திரும்பினால் சக்கரம் திரும்பியது; விரல் மடங்கினால் பிரேக். அத்தனை டன் இரும்பும் பால் குடித்த பூனை மாதிரி அவள் கைக்கு நகர்ந்தது. இரண்டு டிரெய்லர்கள் ஒன்றையொன்று உரசாமல் கடந்தபோது நடுவில் ஒரு ஆள் நுழையத்தான் இடம் இருந்தது. அந்த இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் ஸ்டியரிங் மேல் சாய்ந்து பார்த்தான். எத்தனை மலைப்பாதை, எத்தனை பாலம் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இவளா இன்று காலை இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தவள்?

"அண்ணே, உங்க வீட்டுல தெனமும் இப்படித்தானா?" என்றான் ஹாரன்.

"வீட்டுல நான் ஒரே வண்டிதான்டா. ஈசியா ஓட்டிடுவா."

முன் கண்ணாடியில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். அவனைப் பார்த்துக் கை அசைத்தாள். வா, வா, இடது, இன்னும், நேரா. அவன் வழியைப் பார்க்கவில்லை, அவள் கையை மட்டும் பார்த்தான். வண்டி தானாகப் போவது போல அத்தனை பேரையும் தாண்டி கேட்டுக்கு வந்து நின்றது. டிரைவர்கள் கேபின் கதவுகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்தது. அவர் இறங்கி, கலைந்து வழிவிட்டு நின்ற யார்டைப் பார்த்தார். மருமகன் தோளில் ஓங்கித் தட்டினார்.

"பரவாயில்லையே மாப்ளே! இவ்ளோ பெரிய சிக்கல இப்படிப் பிரிச்சுட்டீங்களே!"

"இல்ல மாமா, அக்காதான்..."

"எல்லாரும்தான் ஒத்தாசை பண்ணுவாங்க. நிக்க வேண்டியவன் நின்னாத்தான வேல நடக்கும்." அவள் பக்கம் திரும்பினார். குரல் நல்ல குரல்தான், அன்பாகத்தான் இருந்தது. "ஏம்மா, எல்லாருக்கும் டீ சொல்லிடும்மா."

வண்டி வெளியே போக கேட் சீட்டில் மேனேஜர் கையெழுத்து வேண்டும். சீட்டை எழுதியவள் அவள். கையெழுத்துப் போட மருமகன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவு வழியே ஆபீஸ் தெரிந்தது. காலி நாற்காலி. அதன் உயரமான முதுகு, சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாதியில்தான் அவள் பெயர் இருந்தது.

அவன் என்ஜினை அணைத்தான். குளிர்பெட்டியின் மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேளு என்பதுபோல் அவன் தலையை அசைத்தான்.

"டீ சொல்றேங்கய்யா," என்றாள்.

ஹாரன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. முகத்தில் படிந்திருந்த புழுதியைப் புறங்கையால் துடைத்தாள்.

"அந்த நாற்காலிய எனக்குக் குடுங்க."