நல்ல நெஞ்சுகளின் பெட்டி

ஏகநாதன் பல்கலைக்கழகத்தில் பார்த்தது புராஜெக்ட் வேலை. புராஜெக்ட் முடிந்தால் வேலையும் போச்சு. கல் குவாரி ஆட்களின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கல்தூசி தின்ற நுரையீரலை மிஷினே கண்டுபிடிக்கும்படி செய்ய வேண்டும். நோயாளிப் படங்கள் ஒரு பெட்டி, நல்ல நெஞ்சுகள் ஒரு பெட்டி. இரண்டையும் காட்டித்தான் மிஷினுக்குப் பாடம் சொல்ல முடியும்.

நல்ல நெஞ்சுக்குத்தான் பஞ்சம்.

"வயசானவங்களா, இருமல் இல்லாதவங்களா பாத்துக் கூட்டிட்டு வாங்கப்பா. சொந்தக்காரங்கன்னாலும் சரி" என்றார் புராஜெக்ட்டை நடத்தும் சுந்தர்சிங் சார்.

ஏகநாதன் கீழ்க்கட்டளையிலிருந்து அப்பா குப்பனைக் கூட்டிவந்தான். ஒரு காலத்தில் குவாரியில் கல் உடைத்தவர். அதை விட்டுப் பல வருஷமாகப் பொழிச்சலூரில் வாட்ச்மேன். இருமல் கிடையாது. வேலையை விட்டதும் தூசியும் விட்டது என்றுதான் வீட்டில் நினைப்பு. நல்ல பெட்டிப் படங்களை டாக்டர் யாரும் பார்ப்பதில்லை. ஆள் திடமாக நடந்துவந்தால் நெஞ்சும் திடம், அவ்வளவுதான்.

எக்ஸ்ரே எடுத்ததும் படத்தில் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டி நம்பர் போட்டுவிடுவார்கள். ஸ்கிரீனிலும் முழுப்படம் வராது. நுரையீரலில் வெட்டியெடுத்த ஒரு சாம்பல் சதுரம்தான், மற்றதெல்லாம் எண்கள்.

மிஷின் நன்றாகவே படித்தது. நல்ல பெட்டியில் ஒரே ஒரு படத்தை மட்டும் நோய், நோய் என்றது.

"சனியன், அடம்பிடிக்குது பாரு" என்றாள் கூட வேலை பார்த்த மெட்டில்டா.

பணம் கொடுப்பவர்கள் வந்து பார்க்கும் செமினாருக்குள் அந்தத் தப்பு போகாவிட்டால் புராஜெக்ட் நீளாது என்றார் சார். ஏகநாதன் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து, இத்தனை வெள்ளைப் புள்ளி இருந்தால் நோய் என்கிற அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். கடைசியில் மிஷின் வழிக்கு வந்தது. நல்ல நெஞ்சு. மெட்டில்டா கேன்டீனில் போண்டா வாங்கிக்கொடுத்தாள். நல்ல பெட்டி மொத்தமும் பாஸ் என்று வீட்டிலும் பெருமையடித்தான்.

மழைக்காலம் வந்ததும் குப்பனுக்கு இருமல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் சிரித்தார்.

"இன்னாத்துக்குடா? நெஞ்சு சுத்தமா கீதுன்னு உம் மிஷினே சொல்லிச்சே. தெரு பூரா சொல்லிக்கினு கீறேன்."

ஏகநாதனும் வற்புறுத்தவில்லை.

செமினாருக்கு முந்தின நாள் மெட்டில்டா கேட்டாள்: "ஏகா, அந்த அடங்காப்பிடாரிப் படத்த எடு. ஸ்லைடு போடணும்."

உறையிலிருந்து உருவி விளக்குப் பெட்டியில் மாட்டினான். இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறான். இடது காறை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. பாறை உருண்டு விழுந்து முறிந்த எலும்பு; குளிர் வந்தால் அம்மா தைலம் தேய்க்கிற இடம். அதற்குக் கீழே, நுரையீரலின் மேல்பாதி முழுக்க, உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"எங்கப்பா, மெட்டில்டா."

சார் வந்து படத்தைப் பார்த்து, "ஐயோ, ஏகநாதா" என்றார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. "அப்போ மிஷின் மொதல்லயே சரியாத்தான் சொல்லியிருக்கு. படத்த நோயாளிப் பெட்டிக்கு மாத்திட்டு, பழைய அளவையே வெச்சிடு."

மாற்றி வைத்தான். ஒரு தப்பும் வரவில்லை. புராஜெக்ட் நீளும்.

சாயங்காலம் வாசலிலேயே குப்பன் கேட்டார்: "இன்னாடா, இன்னிக்கி மிஷின் இன்னா சொல்லுது?"

"கெளம்புப்பா. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"மிஷின்தான் சுத்தமா கீதுன்னு..."

"அது நெசத்தத்தாம்பா சொல்லிச்சு. நாந்தான் அத்தோட வாய மூட வெச்சேன்."

குப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் அழுவதைப் பார்த்து, சட்டையைத் தேடினார்.