கரையாத துத்தநாகம்

எனக்குக் கோபம் வந்தால் சும்மா வராது, சுத்தியலோடுதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது.

தீவுக்குப் போய்வரும் இரும்புப் படகைப் பழுது பார்க்கக் கரையேற்றியிருந்தோம். போன வருடம் அடிப்பக்கத்தில் நான் வெல்டிங் வைத்த தகட்டின் ஓரமெல்லாம் துரு. விரலால் அழுத்தினால் பொத்தலாகிறது. படகுக்காரம்மா பார்த்தார். பட்டறையே கேட்கும்படி கத்தினார்.

"இதுதான் உன் வெல்டிங் லட்சணமா? நாளைக்கு வேற ஆள் வருவாரு. நீ உன் மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்பு!"

பாடுபட்டுச் சம்பாதித்த பேர், ஒரு நொடியில் சந்தி சிரித்துவிட்டது. அதே பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் என் வீட்டுக்காரர் பிரஷ்ஷும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

என் வேலையில் குறையா? இருக்கவே இருக்காது! சுத்தியலோடு படகுக்கு அடியில் புகுந்தேன்.

உப்புத் தண்ணீரில் இரும்பும் வெண்கல புரொப்பெல்லரும் சேர்ந்து கிடந்தால் இரும்புக்குத்தான் ஆபத்து. அதற்காகவே அடியில் துத்தநாகக் கட்டிகளை மாட்டிவைப்போம். கடல் முதலில் அதைத் தின்னும், இரும்பு பிழைத்துக்கொள்ளும். ஒரு வருடத்தில் கட்டி பாதியாவது கரைந்திருக்க வேண்டும். இங்கே? கொழுகொழுவென்று, மாட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது!

சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். பச்சைப் பெயிண்ட் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே பளபளவென்று துத்தநாகம்.

"அகப்பட்டுச்சு! அம்மா, ஓடி வாங்க, அகப்பட்டுச்சு!" துள்ளியதில் தலை இடித்தது. வலிக்கவே இல்லை. "கட்டி மேல பெயிண்ட் பூசியிருக்காங்க! தண்ணியே படலைன்னா அது எப்படிக் கரையும்? அது கரையாததாலதான் கடல் இரும்பைத் தின்னிருக்கு. என் வெல்டிங்ல ஒரு குத்தமும் இல்லை! எந்த அறிவுகெட்டவன் இதுல பிரஷ் வச்சான்?"

எல்லோரும் என் வீட்டுக்காரரையே பார்த்தார்கள்.

அடிப்பாவி! இந்தப் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர் வேறு யார்? வாயைப் பொத்திக்கொண்டேன். சொன்னதை எப்படி விழுங்குவது?

அவரோ பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கட்டியைத் தடவினார். முகமெல்லாம் பல்.

"நான்தாங்க! நானேதான்! பச்சைப் படகுல அது மட்டும் வெள்ளையா அசிங்கமா இருந்துச்சு, அழகா இருக்கட்டுமேன்னு பூசிட்டேன். இவ மேல தப்பில்லைங்க! பார்த்தீங்கல்ல? எல்லாரும் பார்த்துக்குங்க!"

படகுக்காரம்மா குனிந்து கட்டியையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தகட்டை நீயே மாத்தும்மா. நான் அவசரப்பட்டுட்டேன். ஆனா உன் புருஷன் இனிமே என் படகுப் பக்கமே வரக் கூடாது."

"வரலைங்க! சத்தியமா வரலை!" என்றார் அவர், வேலை கிடைத்தவர் மாதிரி.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரப் பெயிண்ட் என் கையிலும் ஒட்டியது.