செவ்வாய், வியாழன், காலை பத்து மணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது.

மினசோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் பதிவாளர் அலுவலகக் கவுன்டருக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். குத்தியது எப்படியும் நாற்பது லட்சம் இருக்கும். என் வலது தோள் இடது தோளைவிட இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. சந்தேகமிருந்தால் என் தையல்காரரைக் கேளுங்கள். கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். கேக்கில் என் பெயரில் இரண்டு எழுத்துகளைக் காணோம். பதிலுக்கு நானும் அலுவலகச் சொத்து ஒன்றைக் காணாமல் போகச் செய்தேன்: என் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு மஞ்சள் பென்சில் துண்டு. பின்முனையில் ரப்பர் இல்லை. பல் தடம் இருக்கிறது. பல் என்னுடையதல்ல.

அந்தப் பல்லுக்கு உரியவளைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பனி பெய்துகொண்டிருந்தது. சன்னலோரம் சோல்வே ஹௌகன்—’

வேண்டாம். மினசோட்டாவில் மார்ச் மாதம் பனி பெய்தது என்று எழுதுவதும் மீன் நனைந்திருந்தது என்று எழுதுவதும் ஒன்றுதான்.

இரண்டாம் முயற்சி: ‘எல்லோரும் வாழ்வில் ஒருநாள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே—’

இது பட்டமளிப்பு விழாப் பேச்சு. அதை முப்பத்தொரு முறை கேட்டிருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியும் இருக்கிறேன்.

மூன்றாவது: ‘சோல்வேயிடம் எட்டுக் கட்டங்கள் இருந்தன.’

இதுதான். வைத்துக்கொள்கிறேன்.

எட்டு செமஸ்டருக்கு எட்டுக் கட்டம், ஒரே தாளில். இரண்டு வருஷம் இஷ்டத்துக்கு மேயலாம். அதற்குள் ஒரு பாடத்தை ‘இதுதான் என் மேஜர்’, அதாவது முதன்மைப் பாடம், என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வருஷ வகுப்புகளுக்குப் பெயர் பதிய முடியாது, கணினி பூட்டிக்கொள்ளும். கடைசி நாள் இந்தக் கதை நடக்கும் வாரத்தின் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

சோல்வே நன்றாகவே மேய்ந்திருந்தாள். முதல் நான்கு கட்டங்களில் மண்பாண்டம், மேகங்கள், கோரஸ் எல்லாம் இருந்தன. ஆனால் இரண்டு பாடங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன: பாறை (நிலவியல்தான்), பழைய கிரேக்க மொழி. அடுத்த நான்கு கட்டங்களும் காலி. ஏனென்றால் பாறைக்காரர்களுக்குக் கட்டாயமான கனிம வகுப்பு செவ்வாய், வியாழன், காலை பத்து மணி. கிரேக்கத்தின் மேல் வகுப்பும் செவ்வாய், வியாழன், காலை பத்து மணி. இரண்டும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். ஒன்றில் உட்கார்ந்தால் மற்றது இந்தக் கல்லூரியில் அவளுக்கு இல்லவே இல்லை.

(* கால அட்டவணை போட்டது யார் என்று கேட்காதீர்கள். சரி, நான்தான். நூற்று முப்பது வகுப்பு, பதினான்கு வேளை, ஒரு கோப்பை ஆறிய காப்பி. இப்போதுகூட ஒரே வரியில் கிரேக்கத்தைத் திங்கட்கிழமைக்கு நகர்த்திவிடலாம். நகர்த்தினால் கதை இங்கேயே முடிந்துவிடும். மாட்டேன்.)

3

நூலகத்துக்கு எதிரே ஒரு பாறை கிடக்கிறது. எப்போதோ பனியாறு வடக்கிலிருந்து உருட்டி வந்து போட்டுவிட்டு மறந்துபோனது. மாணவர்கள் வாரா வாரம் அதற்குப் பெயின்ட் அடிப்பார்கள். ‘ஹாக்கி அணிக்கு ஜே.’ ‘பிறந்தநாள் வாழ்த்து.’ ‘லோரா, என்னை மன்னித்துவிடு.’ எழுபது வருஷப் பெயின்ட். உள்ளே மிச்சமிருக்கும் கல் கோழிமுட்டை அளவுதான் என்பது என் கணக்கு.

அதிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சில்லு உதிர்ந்தது. சோல்வே அதை எடுத்துப்போய், பாறை லேப்பில் அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு அடுக்குகள். பச்சை, வெள்ளை, கருநீலம், மறுபடி பச்சை. நடுவே ஒரு சிவப்பு அடுக்கில், ஏதோ ஓர் எழுத்தின் சாய்ந்த கால்.

அவள் குனிந்தாள். அடுக்குகள் படிக்கட்டுகளாயின. இறங்கினாள். வெள்ளைப் படியில் காலடி கேட்கவில்லை. கருநீலப் படியில் யாரோ தூரிகையைக் கழுவும் ஓசை. சிவப்பில் மெல்லிய மழை. மழைக்குள் ஒருவன் முதுகைக் காட்டி நின்று எழுதிக்கொண்டிருந்தான். என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தால் அவன் தோள் மறைத்தது. தோளின் மேல் பனி விழுந்தது. பனி, கிரேக்க எழுத்துகளின் வடிவில் விழுந்தது. அவற்றை உள்ளங்கையில் ஏந்தினாள், படிப்பதற்குள் உருகின.

நிமிர்ந்தபோது லேப்பில் ஒருவரும் இல்லை. வகுப்பு முடிந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. விளக்கு சுட்டது.

இது கல்லா, எழுத்தா? அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் கட்டங்கள் காலி.

4

இந்த இடத்தில் ஒரு தோழி தேவை. மாய் நூ வாங் என்று பெயர் வைத்திருக்கிறேன், சோல்வேயின் அறைத்தோழி. (இவள் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பத்தொன்பது வயதுக்கு மீறிய வாய். நீக்கிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். இரண்டு முறையும் தட்டுடன் வந்து உட்கார்ந்துவிட்டாள்.)

திங்கட்கிழமை, உணவுக்கூடம். தட்டில் ஹாட்டிஷ், அதாவது கறியும் காயும் கலந்து மேலே உருளைக்கிழங்கு மூடிச் சுட்ட எங்கள் ஊர்ச் சாப்பாடு.

“ஏண்டி, இன்னும் அந்தத் தாளையே மொறைச்சிட்டிருக்கே? நாலு கட்டம், நாலு நாள். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு ரொப்பு.”

“ரெண்டையும் எடுத்துக்கிட்டா என்னடி?”

“ஒரே நேரம்டி அது. உன்னை நடுவுல அறுத்தாத்தான் முடியும். லேப்ல ரம்பம் இருக்குல்ல? கேட்டுப் பாரு.”

“நீ எப்படி கெமிஸ்ட்ரின்னு முடிவு பண்ணே?”

“முடிவா? லிஸ்ட்ட மேலேர்ந்து படிச்சேன். ஆந்த்ரபாலஜின்னா ஊர் ஊரா போய் கதை கேக்கணும். ஆர்ட்டு வராது. பயாலஜில தவளை. அடுத்தது கெமிஸ்ட்ரி. அங்கயே நின்னுட்டேன்.”

“மத்ததெல்லாம் போச்சேன்னு இல்லையா?”

“எனக்கு ஹாட்டிஷ் ஆறிப்போச்சேன்னுதான் இருக்கு. உங்கம்மா லெட்டருக்காவது ஒண்ண எழுதித் தொலைடி.”

சோல்வேயின் அம்மா மார்னா, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இருநூறு உறவுக்காரர்களுக்குக் குடும்பச் செய்தி எழுதி அனுப்புகிறவர். போன டிசம்பர் கடிதத்தில் அண்ணனுக்கு இரண்டு பத்தி. நாயின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு பத்தி. கடைசியில்: ‘சோல்வே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.’

“நாய்க்கே ஒரு பாராடி!” என்றாள் மாய் நூ. “உனக்கு ஒரு வரி!”

சோல்வே சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

5

மேஜரை எழுதித் தரும் படிவத்தில் துறைத்தலைவர் கையெழுத்திட வேண்டும். பாறைத் துறைக்குத் தலைவர் பேராசிரியர் ப்ரக்னர். கிரேக்கத் துறையின் தலைவி ஒரு வருஷ விடுப்பில் ஏதோ தீவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து அறைக்காரர் என்ற ஒரே தகுதியில் அந்த நாற்காலியும் ப்ரக்னருக்கே வந்தது. கிரேக்கத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. சின்னக் கல்லூரிகளில் இதெல்லாம் சகஜம். எங்கள் பாடகர் குழுத் தலைவர் ஒரு வருஷம் பொருளாதாரத்தைப் பார்த்துக்கொண்டார், பொருளாதாரம் சுருதி சேர்ந்தது.

வியாழன் மதியம்.

“வாம்மா, வா. எதுக்குக் கையெழுத்து?”

“அது... இன்னும் எழுதல புரொஃபசர். நீங்க பாத்துச் சொல்லுவீங்கன்னு...”

“இரு, கண்ணாடி எங்கே வெச்சேன்?”

“தலைமேல இருக்கு.”

அவர் கண்ணாடியை இறக்காமலே கையெழுத்துப் போட்டார். “ரெண்டுக்கும் நான்தாம்மா தலைவர். நீ எந்தக் கதவுல நுழைஞ்சாலும் உள்ள நான்தான் உக்காந்திருப்பேன். உன் தலையெழுத்து.”

“ஆனா இடம் காலியா இருக்கே?”

“நீ எழுதத்தான்.”

அவள் சில்லை நீட்டினாள். “இது கல்லா புரொஃபசர், எழுத்தா?”

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெயின்ட்டும்மா,” என்றார்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது விதி. எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இந்தத் தப்பு நடந்திருக்காது: ஒரே கையெழுத்து, இரண்டு துறைக்கும் செல்லும். தன் சார்பில் யாராவது தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்ற கடைசி நம்பிக்கையும் போய், சோல்வே படியிறங்கினாள்.

6

வெள்ளி, நான்கு ஐம்பது. இனி நானும் கதைக்குள் வந்தாக வேண்டும். கவுன்டர். சங்கிலியில் கட்டிய பேனா. எதிரே சோல்வே.

“பேனாவாலதான் எழுதணுமா?”

“விதி அப்படித்தாம்மா.”

“தப்பாயிட்டா?”

“மாத்தறதுக்கு வேற ஃபார்ம் இருக்கு.”

“பத்து மணி கிளாஸை மாத்த முடியாதுல்ல?”

என் முதுகுக்குப் பின்னால் சுவரில் அட்டவணை தொங்கியது. நான் திரும்பவில்லை. “முடியாது.”

“ஒண்ண எழுதினா இன்னொண்ணு எங்கே போகும்?”

“அந்தக் கேள்விக்கு ஃபார்ம் இல்லம்மா.”

(இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவள் ‘பாறை’ என்று எழுதுகிறாள். ஒரு மலைச்சரிவில் சுத்தியலுடன் நிற்கிறாள். உடைத்த கல்லின் வெட்டு முகத்தில் யாரோ எழுதியதுபோல ஒரு கோடு. இரண்டாவதில் ‘கிரேக்கம்’, அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டைப் படிக்கிறாள், விரல் மட்டும் எழுத்தை விட்டு நழுவிக் கல்லின் சொரசொரப்பைத் தடவுகிறது. இரண்டிலும் அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். இரண்டிலும் கொஞ்சம் ஏக்கமும் இருக்கிறது. எதை விடுவது என்று எனக்கே—)

நான்கு ஐம்பத்தெட்டு. சன்னலுக்கு வெளியே நான் எழுத மறுத்த அதே பனி. அவள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். பொன்னிறக் கூந்தல் அவிழ்ந்து படிவத்தை மறைத்தது. எழுதவில்லை. பென்சிலைத் திருப்பி, பின்முனையின் ரப்பரை நறுக்கென்று கடித்து, உள்ளங்கையில் துப்பி, என் குப்பைக்கூடையில் போட்டாள்.

பிறகு எழுதினாள். ஒரே சொல். நிதானமாக.

விதிப்படி நான் திருப்பித் தந்திருக்க வேண்டும். நாற்பது லட்சத்தில் ஒன்றுதானே என்று குத்தினேன். பென்சிலைக் கவுன்டரிலேயே மறந்துவிட்டுப் போனாள். போகும் வழியில் பெயின்ட் பாறையின் மேல் உள்ளங்கையை வைத்து, சற்று நேரம் நின்றாள். அன்று அது மஞ்சளாக இருந்தது.

7

டிசம்பரில் மார்னா ஹௌகன் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏங்க, எம்பொண்ணு என்ன மேஜர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேட்டா ‘லெட்டர்ல பாத்துக்கோங்கம்மா’ன்னு சிரிக்கிறா. லெட்டர எழுதறதே நான்தாங்க!”

“மாணவர் விவரத்தை பெத்தவங்களுக்குக்கூடச் சொல்லக் கூடாதும்மா. சட்டம். நாய் எப்படி இருக்கு?”

“ஓடுதுங்க.”

அந்த வருஷக் கடிதம் எனக்கும் ஒன்று வந்தது. நாய் ஒரே வரியில் ஓடி முடித்திருந்தது. ‘சோல்வே’ என்று தொடங்கி ஒரு முழுப் பத்தி இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

உங்களுக்கும் அதே சட்டம்தான். அவளை நானே கற்பனையாகக் கட்டிவிட்டிருந்தால்கூட, அவள் ஒரு மாணவி. அவள் படிவம் அவளுடையது. வேண்டுமானால் கவுன்டருக்கு வாருங்கள். இதோ கோடு:

மேஜர்: ______________

இதோ பென்சில். பல் தடத்தைப் பொருட்படுத்தாதீர்கள். கொஞ்சம் யோசித்தே எழுதுங்கள், ரப்பர் இல்லை. மணி நான்கு ஐம்பத்தொன்பது. முத்திரை என் கையில்.