புள்ளி வைத்த பெட்டி

1930 ஐப்பசியில், மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ராசம்மாவின் தகரப் பெட்டியை ஆறு ஆட்கள் சேர்ந்து தூக்கியும் இம்மியளவு அசைக்க முடியவில்லை. உள்ளே இருந்தவை இரண்டு சேலை, ஒரு சீப்பு. கனம் முழுக்க மேலே இருந்த எழுத்தில்தான்.

எழுதியவன் காளியப்பன். ரப்பர் ஆலையில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் எழுத்து வெட்டி, அதைப் பெட்டிமேல் வைத்துக் கறுப்புச் சாயம் தடவுவது அவன் வேலை. அவனிடம் இருந்தது நேர் உளி ஒன்றுதான், அது வளையாது. அதனால் அவன் எழுத்தெல்லாம் தடிதடியாய், மூலைமூலையாய் நிற்கும். ‘க’ ரயில் கைகாட்டி மாதிரி, ‘ழ’ ஒரு ஆலை மாதிரி. நூறு வருஷம் கழித்து வரவேண்டிய எழுத்து வழிதவறி வந்துவிட்டது என்று கூலி வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்தில் கேலி செய்தார்கள். அவன் எழுதிய பெட்டி அரை ராத்தல் கூடவே நிறுக்கும். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒரே குறை, புள்ளி வட்டம் என்பதால் அவன் புள்ளியே வைப்பதில்லை.

ரப்பர் விலை விழுந்ததும் ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். பட்டியலில் ராசம்மாவும் இருந்தாள். பிறந்தது இந்த லயத்தில். அங்கே அவளுக்கு ஒரு நாதியும் கிடையாது. நாலு வருஷமாக அவள்மேல் உயிரை வைத்திருந்த காளியப்பன் அதை அவளிடம் சொன்னதே இல்லை, மடையன். பெயர் எழுதப் பெட்டியைக் கொண்டுவந்தவள், “எம்பேர மட்டும் மொட்டையா எழுதிறாதீங்க. ஒரு புள்ளியாச்சும் வைங்க, போற எடத்துல யாராச்சும் சரியாக் கூப்பிடட்டும்” என்றாள். அவன் மூன்று நாள் உட்கார்ந்து, நாலு வெட்டில் சதுரமாக ஒரு புள்ளி வெட்டினான். அதை ‘ம’வின் தலையில் வைத்ததும் பெட்டி தரையோடு ஊன்றிக்கொண்டது.

“அலமாக்!” என்று லாரிக்காரன் தலையில் கை வைத்தான். பெயர் போட்ட பெட்டி இல்லாமல் ஆளைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சபாபதிக்குக் கோபம் தலைக்கேறியது.

“டேய், அந்தப் புள்ளியச் சொரண்டு. இல்லன்னா ஒம்பேரும் பட்டியல்ல ஏறும்.”

“ஏத்துங்க கிராணி ஐயா. அவங்க புள்ளிய நான் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, காளியப்பன் தன் பெட்டியை அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பெயர் எழுதினான். அவன் பெயரில் புள்ளி இரண்டு. பெட்டி மூடிவரை மண்ணுக்குள் இறங்கியது. ராசம்மா அன்றுதான் அவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

தையில் கல்யாணம். பெட்டிகளை நகர்த்த முடியாததால் வீட்டை அவற்றைச் சுற்றிக் கட்டினார்கள். பெயரில் ஒரு புள்ளிகூட இல்லாத சபாபதியை 1933இல் பெக்கோக்குக்கு மாற்றியபோது, அவர் சாமான் முழுவதையும் ஒரே ஆள் தூக்கிப் போனான். காளியப்பன் தம்பதிக்குப் பிறந்த பெண்ணுக்குச் சந்திரமதி என்று பெயர். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் புள்ளி இல்லாத பெயரை யாரும் வைக்கவில்லை.