ஒரு தட்டு வெட்டுக்கிளி

“இந்தப் பக்கம் ஒண்ணுகூட வரலை, தம்பி,” என்றான் அவத், மூன்றாவது முறையாக. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான்.

தோஆன் பள்ளத்தாக்கில் இலந்தை பூக்கும் சமயம். அவனுடைய அறுபது தேன்பெட்டிகளும் மரத்தடியில் இருந்தன. வருஷச் சோறு அந்தத் தேன்தான். மேல்திருப்பத்தில் மூன்று நாளாக வெட்டுக்கிளிக் கூட்டம் முதிர்ந்து மஞ்சளேறி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் மருந்தடிப்பார்கள், தேனீயும் சாகும்.

வெட்டுக்கிளி ஒழிப்பு அலுவலர் ஃபரஜ் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தான். காப்பியோடு மட்டும் விருந்தாளியை அனுப்பினால் மானம் போகும் என்று, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டை நீட்டினாள் அவத்தின் மனைவி முஸ்னா. அப்போதுதான் வறுத்த வெட்டுக்கிளி, உப்புப் போட்டு.

அவத்துக்கு உயிரே போய்விட்டது. ஃபரஜ் மறுபடி உட்கார்ந்து, ஒன்றை எடுத்து நிதானமாக மென்றான்.

“நல்லாயிருக்கு. எங்க பிடிச்சது?”

“சந்தையில...”

“சந்தையில உயிரோடயா வித்தாங்க? அண்ணே, விடியும்போது அடிச்சாகணும். வெயில் ஏறினா பறந்துடும். முட்டை பொரிஞ்சா கீழ இருக்கிற சோளம் பூரா காலி.”

“பொழுது சாஞ்சாத்தான் தேனீ கூடடையும். அதுக்கப்புறம் பெட்டியத் தூக்கணும். உன் வண்டியக் குடேன்.”

“இருபது நாளா மருந்து சுமந்த வண்டி. அதுல ஏத்தினா நான் அடிக்கவே வேண்டாம்.”

இருந்தவை இரண்டு கழுதைகள். ஒன்றை அவத் பிடித்தான், மற்றொன்றை ஃபரஜ் பிடித்தான். ஒரு நடைக்கு நான்கு பெட்டி, அடுத்த ஓடை வரைக்கும். விடிவதற்குள் இருபத்துநான்கு போயிற்று. மீதியின் வாயை ஈரச் சாக்கால் அடைத்தார்கள். மூடியே வைத்தால் புழுங்கிச் சாகும், திறந்தால் மருந்தில் சாகும் என்பது இருவருக்கும் தெரியும்.

“முதல் நாளே சொல்லியிருந்தா அத்தனை பெட்டியும் ஓடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்ணே,” என்றான் ஃபரஜ், முகமூடியை மாட்டிக்கொண்டே. அவத் கழுதையின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. வண்டி திரும்பி வந்து வாசலில் நின்றது.

“ஏங்க, அவருக்குக் காப்பி போடவா?” என்று கேட்டாள் முஸ்னா.

அவத் சாக்கால் வாயடைத்த முப்பத்தாறு பெட்டிகளையும் பார்த்தான். ஃபரஜ் மீது அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“போடு, விருந்தாளிதானே,” என்றான். “காப்பி மட்டும் போடு.”