கருங்கல்லில் ஓர் ஊற்று

எங்கள் ஊரை ஒட்டியிருக்கும் சிறிய குன்றைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதினேன். அதில் ஏற முக்கால் மணி நேரம் ஆகும். எழுத இருபது நிமிடம் போதும். ஆகவே எழுதினேன். கட்டுரை கொஞ்சம் வறட்சியாகத் தெரிந்ததால், பாதி வழியில் குளிர்ந்த ஊற்று ஒன்றையும் சேர்த்துவிட்டேன்.

அத்தை அதை மூன்று முறை படித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு ஏறினாள். ஊற்றை நம்பித் தண்ணீர் எடுத்து வரவில்லை. பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கடா ஊத்து?"

நான் ஒரு புதரை அக்கறையோடு ஆராய்ந்தேன்.

மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த எங்கள் ஊர் போர்வெல்காரர் நின்றார். "இது மொத்தமும் ஒரே கருங்கல்லும்மா. ஒரு வெடிப்புகூட கிடையாது. தண்ணி எப்படி வரும்?"

"உங்களுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா தம்பி? எங்க அண்ணன் மகன் நேர்ல பாத்து எழுதியிருக்கான். அவன் பொய் எழுத மாட்டான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அப்போ வெயிலுக்கு வத்தியிருக்கும்மா" என்றார் மெதுவாக.

அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, நான் இந்தக் குன்றுல ஏறுறதே இன்னிக்குத்தான்."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்தேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க தம்பி, தெரியாம பேசிட்டேன்" என்றாள் அவரிடம்.

அவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அத்தை குடித்து முடிக்கும்வரை நான் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறக் கல்லின் நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு உச்சிவரை ஓடியது. என் கட்டுரையில் அது இல்லை.