ஒன்றுமில்லாததற்கு ஓர் ஓட்டை

கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால், கஜா பேராங் முச்சந்தியில் நிறுத்தி வைத்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். அவனுக்கு அடுத்தபடியாக யூனுஸை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. மலாக்காவில், பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எங்கள் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, நல்லையா ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, கணக்கு வழக்கையெல்லாம் இனிமேல் கோலாலம்பூரில் உள்ள கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றார். நாங்கள் எண்களை அட்டையில் ஓட்டையாகக் குத்தி அனுப்பினால் போதுமாம். டைப் அறையை மூடுகிறார்கள். பரீட்சையில் தேறினவர்களுக்கு ஓட்டை குத்தும் மெஷினில் வேலை, தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்கா? எந்த வீட்டுக்கு? கஜா பேராங்கில் நான் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறைதான் எனக்கு வீடு. அதன் சாவி என் கைப்பையில் இருந்தது. சம்பளம் நின்றால் சாவியும் போய்விடும். அப்புறம் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் அண்ணன் இருக்கும் லயத்து வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அண்ணி, "வாங்க டைப்பிஸ்டு அம்மா" என்று வாசலிலேயே ஆரம்பிப்பாள். அதைவிட மலாக்கா ஆற்றில் குதிக்கலாம்.

எங்களுக்குப் பாடம் நடத்த வந்தவன் யூனுஸ். என்னைவிட இளையவன், எங்கள் ஆபீஸ் கிராணிதான். கோலாலம்பூருக்குப் போய் ஒரு வாரம் படித்துவிட்டு, கழுத்தில் டையோடு திரும்பியிருந்தான்.

"சந்திராக்கா, டேட்டான்னா நாம மெஷினுக்குள்ள போடுற விஷயம். புரோகிராம்னா, அத வச்சுக்கிட்டு என்ன செய்யணும்னு மெஷினுக்கு வரிசையா சொல்லி வைக்கிறது."

"சரி. மெமரின்னா?"

"ஞாபகம்."

"மெஷினுக்கு ஏதுடா ஞாபகம்? போன மாசம் எங்கிட்ட வாங்கிட்டுப் போன குடை உனக்கே ஞாபகம் இல்ல."

"போட்டத உள்ள வச்சிருக்கும்க்கா. கேட்டா எடுத்துக் குடுக்கும்."

"அப்ப உன்னவிடத் தேவலையே. ரொம்பக் கெட்டிக்கார மெஷினோ?"

"அதுதான் இல்ல. சுத்த மடையன். சொன்னத மட்டும்தான் செய்யும். ஆனா வேகமான மடையன். உள்ள போடுறது இன்புட், வெளிய வர்றது அவுட்புட். தப்பாப் போட்டா தப்பாத்தான் வரும்."

இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. மில்லில் எதைக் கொட்டுகிறோமோ அதுதானே மாவாக வரும். அட்டையைக் காட்டினான். எண்பது பத்தி, பத்திக்கு ஒரு எண். மூன்று என்றால் மூன்றாம் வரிசையில் ஓட்டை, ஏழு என்றால் ஏழாம் வரிசையில்.

"ஒண்ணுமே இல்லாத இடத்துல?" என்று கேட்டேன்.

"காலின்னா காலியா விட்டுடணும்."

"அப்ப மலாயில கோசோங்னு வாசிச்சா?"

"கோசோங்னா கோசோங்தாங்க்கா" என்றான். அதற்குள் தேத்தண்ணி மணி அடித்தது, பாடம் முடிந்தது. கேட்டது தப்பு என்பதுபோல் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்காமல் நானும் எழுந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எங்கள் டைப் அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் பில்லை வாசிப்பார், இன்னொருத்தர் அடிப்பார். நாங்கள் என்னதான் தமிழில் பேசிக்கொண்டாலும் எண்ணை மட்டும் மலாயில்தான் சொல்வோம், வாய்க்கு அதுதான் பழக்கம். மலாயில் சைபருக்கும் கோசோங்தான், காலிக்கும் கோசோங்தான். எண்ணுக்கு நடுவில் வந்தால் சைபர் அடிப்பேன். ஒரு கட்டத்துக்கு வெறுமனே 'கோசோங்' என்று வாசித்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவேன். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் எட்டு வருஷத்தில் ஒரு பில் திரும்பி வந்ததில்லை.

பரீட்சை அன்றைக்கு முதலில், என்னோடு டைப் அடித்த மேரி டான் உட்கார்ந்தாள். அவளுக்கு யூனுஸ் இங்கிலீஷில் வாசித்தான். அடுத்து நான். நம்ம அக்காவாயிற்றே என்று எனக்கு மட்டும் நம்ம வழக்கப்படி வாசித்தான். நல்லெண்ணம்தான்! அந்த நல்லெண்ணத்தில் இடி விழ.

"முதல் தர ரப்பர், தீகா லீமா. ரெண்டாந்தரம், கோசோங். மூணாந்தரம், சத்து கோசோங் லாப்பான்."

முப்பத்தைந்து குத்தினேன். தாண்டினேன். நூற்றெட்டு குத்தினேன். விரல் பறந்தது. கடைசி அட்டை விழுந்தபோது, சாவி இனி எனக்குத்தான் என்று மனசுக்குள் ஒரு துள்ளல்.

பக்கத்திலேயே சரிபார்க்கும் மெஷின் இருந்தது. நான் குத்திய அட்டைகளை அதில் வைத்து, மேரி, யூனுஸ் வாசித்த தாளைப் பார்த்து அதே எண்களைத் திரும்ப அடிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அட்டையின் ஓரத்தில் ஒரு வெட்டு விழும். தப்பென்றால் சிவப்பு விளக்கு எரியும், அட்டையின் தலையில் வெட்டு விழும்.

சிவப்பு எரிந்தது. அடுத்த அட்டையிலும் சிவப்பு. "அலாமாக்!" என்றாள் மேரி, பாவம், அவளுக்கே கை ஓடவில்லை. என் அட்டைகள் ஒவ்வொன்றாகத் தலைவெட்டோடு வெளியே வந்தன.

நல்லையா ஓர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தாளில வடிவாச் சைபர் எண்டு எழுதிக் கிடக்கு. நீர் வெறுமையா விட்டிருக்கிறீர். சைபருக்கும் ஓட்டை குத்த வேணும் பிள்ளை. கோசோங் எண்டால் சைபர். இதுகூடத் தெரியேல்லையோ?"

"ஐயா, நான் தாளையே பார்க்கல. இவன் கோசோங்னு வாசிச்சான், நான் வழக்கப்படி தாண்டினேன்."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். யூனுஸ் தன் டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடன்காரன், ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்கினேன். பஸ்ஸில் அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை, மேசையில் கிடந்த என் சாமான்களை எடுத்துவரப் போனேன். வாசல் கண்ணாடிக் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. இப்போதெல்லாம் விளம்பரம் மலாயில்தானே போடுகிறார்கள். கொட்டை எழுத்தில் இருந்தது: ஜாவாத்தான் கோசோங். வேலை காலி. ஓட்டை குத்தும் மெஷினுக்கு ஆள் தேவை.

என் நாற்காலி! இரண்டு தரம் வாசித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. தாளைப் பிய்த்தேன். குப்பைக்கூடையில் கிடந்த என் தலைவெட்டு அட்டை ஒன்றைப் பொறுக்கினேன். இரண்டையும் கொண்டுபோய் நல்லையா மேசையில் வைத்தேன்.

"ஐயா, கோசோங்னா சைபர்னு நேத்து சொன்னீங்க. அப்ப இங்க எத்தன வேலை இருக்கு? சைபர் வேலை. பின்ன எதுக்கு நோட்டீஸு? இல்ல, கோசோங்னா காலின்னா, நானும் காலியாத்தானே விட்டேன்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. சைபர்னா நோட்டீஸக் கிழிங்க. காலின்னா என்னை அந்த நாற்காலியில உட்கார வைங்க."

மூலையிலிருந்து யூனுஸ் எழுந்து வந்தான். "ஐயா, நான்தான் அப்படி வாசிச்சேன். மேரிக்கு 'ஜீரோ'ன்னு வாசிச்சேன். அக்காவுக்கு... வாய் பழக்கம்."

"இத நேத்தே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா?" என்றேன்.

நல்லையா தாளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வாயை வைச்சுக்கொண்டு நீர் கோர்ட்டுக்குப் போயிருக்க வேணும்" என்று முணுமுணுத்தார். பிறகு, "போய் இரும். தாளைப் பார்த்துக் குத்தும். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டாந்தரத்துக்கு எதிரே தாளில் சைபர் இருந்தது. குத்தினேன். ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் ஓர் ஓட்டை வேண்டியிருக்கிறது. சும்மா விட்டால், அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் அந்த மடையன் எடுத்துக்கொள்ளும். நேற்று வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனேனே, அதுவும் அந்தக் காலி இடம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சைபரையும் குத்தினேன்.

மேரி சரிபார்த்தாள். சிவப்பு எரியவில்லை. அட்டைகள் எல்லாம் ஓரவெட்டோடு வந்தன. நல்லையா நோட்டீஸை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். நான் பைக்குள் கையை விட்டுச் சாவியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

யூனுஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அக்கா, தேத்தண்ணி வாங்கிட்டு வரவா? கோசோங்கா, சீனி போட்டா?"

"அந்தச் சொல்ல இன்னொரு தரம் சொன்னே, உன் காதுல ஓட்டை குத்திடுவேன்" என்றேன். "சீனி போட்டே வாங்கிட்டு வா. வரும்போது என் குடையையும் கொண்டு வா."